பி.டி. வாத்தியாரை உருவாக்கிய அமெரிக்கர்: யார் இந்த ஹாரி பக்?

அனந்தபுரம், செஞ்சி, திண்டிவனம் என்று விழுப்புரம் மாவட்டத்தில் எந்த ஊர் அரசுப் பள்ளியில் படித்தவரைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்வார். டைம் டேபிளில் பி.டி. பீரியட் இருக்கும். ஆனா முழு ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் அந்த பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். வாங்கின கடனைத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

அந்த பி.டி. பீரியட் எப்போது, எப்படி நம்ம பள்ளிகளுக்குள் வந்தது? கழுத்தில் விசில் மாட்டிய அந்த வாத்தியாருக்கு முதலில் பயிற்சி கொடுத்தது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் சென்னை நந்தனத்தில் போய் நிற்கும். ஒவ்வொரு வருஷமும் ஜனவரியில் புத்தகக் கண்காட்சி நடக்கிறதே, அதே ஒய்.எம்.சி.ஏ. மைதானம்தான். புத்தகம் வாங்கப் போகிற பலருக்கும் அது கண்காட்சி மைதானம். ஆனா அது ஒரு கல்லூரியின் விளையாட்டுத் திடல். அந்தக் கல்லூரியைத் தொடங்கியவர் பெயர் ஹாரி குரோ பக். உடற்கல்வித் துறையில் இருப்பவர்களுக்கு எச்.சி.பக்.

இந்தியாவில் உடற்கல்வியின் தந்தை என்று பி.பி.எட். மாணவர்கள் பரீட்சையில் எழுதுகிற பெயர் இவருடையதுதான். வெளியே பெரிதாக யாருக்கும் தெரியாது.

பென்சில்வேனியாவிலிருந்து...

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்று ஒரு சின்ன ஊர். இங்கிலாந்தில் கால்பந்துக்குப் பேர் போன லிவர்பூல் வேற, இது வேற. அங்கே 1884 நவம்பர் 25-ல் பிறந்தவர் பக். வளர்ந்த பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த சர்வதேச ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் படித்தார்.

இந்த ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் பக் எந்த எண்ணத்தோடு மெட்ராஸுக்கு வந்தார் என்பது புரியும்.

1891-ம் வருஷம் டிசம்பர் மாதம். வெளியே பனி. மைதானத்தில் இறங்கி விளையாட முடியாது. உள்ளுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்து செய்து ஒரு வகுப்பு மாணவர்கள் சலித்துப் போய்விட்டார்கள். மொத்தம் 18 பேர். எல்லாரும் வளர்ந்த ஆட்கள், ஒய்.எம்.சி.ஏ. நிர்வாகிகளாகப் போகிறவர்கள். இவர்களுக்கு உள்ளரங்கில் ஆட ஒரு புது விளையாட்டு கண்டுபிடிக்கச் சொல்லி ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியரிடம் அவருடைய துறைத் தலைவர் லூதர் குலிக் பொறுப்பைக் கொடுத்தார். நைஸ்மித் பீச் பழம் கொட்டி வைக்கிற இரண்டு கூடைகளை மாடி விளிம்பில் அடித்து மாட்டினார். 13 விதிகளை எழுதி ஒட்டினார். கூடைப்பந்து பிறந்த கதை அவ்வளவுதான்.

நாலு வருஷம் கழித்து, 1895-ல், பக்கத்து ஊரான ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மோர்கன் என்பவருக்கு வேறு பிரச்னை. இவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான். இவரிடம் வந்தவர்கள் கடை, கம்பெனி வேலை முடித்துவிட்டு வருகிற நடுத்தர வயதுக்காரர்கள். கூடைப்பந்து ஆடினால் மூச்சு வாங்குகிறது, மேலே மோதிக்கொள்கிறார்கள். நடுவில் வலையைக் கட்டி, ஆளோடு ஆள் இடிக்காத ஒரு ஆட்டத்தை அவர்களுக்காக உருவாக்கினார். அதுதான் வாலிபால். இன்றைக்கு விழுப்புரம் பக்கத்து கிராமங்களில் சாயங்காலம் வேலை முடித்து வந்து, இரண்டு கம்பம் நட்டு, லைட் போட்டு ஆடுகிற அதே வாலிபால். வேலைக்குப் போகிறவர்களுக்காகவே பிறந்த ஆட்டம் என்பது பல பேருக்குத் தெரியாது.

பகலில் வேலை, ராத்திரியில் படிப்பு

ஒய்.எம்.சி.ஏ. என்ற அமைப்பே உழைக்கிற இளைஞர்களுக்காகத் தொடங்கியதுதான். 1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர் இதை ஆரம்பித்தார். அவர் ஒரு ஜவுளிக்கடை ஊழியர். அந்தக் காலத்தில் கடை ஊழியர்கள் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே வேலை பார்த்து, கடை மாடியிலேயே படுத்துத் தூங்கினார்கள். அவர்கள் கூடிப் பிரார்த்தனை செய்யவும் பேசவும் படிக்கவும் ஓர் இடம் என்றுதான் சங்கம் தொடங்கியது.

கிறிஸ்தவ அமைப்பு என்றாலும் பைபிள் வகுப்போடு அது நின்றுவிடவில்லை. பகலில் வேலை பார்ப்பவர்களுக்கு மாலை நேர வகுப்புகளை நடத்தினார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அப்படி ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் மாலை வகுப்பாகத் தொடங்கியதுதான் பிறகு நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் ஆனது. கனடாவின் மாண்ட்ரியலில் ஒய்.எம்.சி.ஏ. மாலை வகுப்புகளிலிருந்து வளர்ந்த கல்லூரிக்கு ஜார்ஜ் வில்லியம்ஸ் பெயரையே வைத்தார்கள். அது இன்று கான்கார்டியா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி.

அப்புறம் விளையாட்டு எங்கே வந்தது? உடல், அறிவு, ஆன்மா மூன்றும் சேர்ந்தால்தான் மனுஷன் என்று சொல்லி, மூன்று பக்கம் கொண்ட முக்கோணத்தை அமைப்பின் அடையாளமாக்கியவர் மேலே சொன்ன லூதர் குலிக். அதனால் ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் என்றால் ஒரு பக்கம் நூலகம், ஒரு பக்கம் வகுப்பறை, ஒரு பக்கம் ஜிம் என்ற அமைப்பு பல நாடுகளில் வந்தது.

மெட்ராஸிலும் அப்படித்தான். 1890-ல் டேவிட் மெக்கானகி என்ற அமெரிக்கர் இங்கே ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இன்றும் நிற்கிற சிவப்புக் கட்டடம் அதன் இருப்பிடம். அதற்குப் பெரிய தொகை கொடுத்தவர் ஜான் வனமேக்கர் என்ற பிலடெல்பியா வியாபாரி. ஒரு ஜவுளிக்கடை ஊழியர் ஆரம்பித்த சங்கத்துக்கு மெட்ராஸில் கட்டடம் எழுப்பியது ஒரு பெரிய ஜவுளிக்கடை முதலாளியின் பணம்.

டிரில் மாஸ்டர் காலம்

முதல் உலகப் போர் முடிந்த கையோடு பக் இந்தியாவுக்கு வந்தார். அப்போது இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளராக இருந்தவர் கே.டி.பால். சேலத்துக்காரர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர்.

அன்றைக்கு மெட்ராஸ் மாகாணப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்று ஒன்று இல்லாமல் இல்லை. அதற்குப் பெயர் டிரில். நடத்தியவர்கள் பெரும்பாலும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள். வரிசையில் நில், கையை மேலே தூக்கு, கீழே இறக்கு, இடது பக்கம் திரும்பு. பசங்களுக்கு அது தண்டனை மாதிரி. நம்ம தாத்தா தலைமுறை ஆட்கள் பி.டி. வாத்தியாரை இன்றும் டிரில் வாத்தியார் என்று சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு இருந்த மரியாதையும் அதே அளவுதான். கணக்கு, இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவர் ஆசிரியர். டிரில் மாஸ்டர், மணி அடிக்கிறவருக்கு ஒரு படி மேலே. சம்பளமும் அப்படியே. இது மாற வேண்டுமானால் மைதானமும் பந்தும் வாங்கிக் கொடுத்தால் போதாது, அதை நடத்துகிற ஆள் படித்தவராக, பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்பது பக்கின் கணக்கு.

1920-ல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள். சொந்த மைதானம் கிடையாது. மனைவி மேரி பக் கூடவே நின்று பள்ளியை நடத்தினார். உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க என்றே இந்தியாவில் தொடங்கிய முதல் நிறுவனம் அது. ஆசியாவிலேயே முதல் என்று கல்லூரி சொல்லிக்கொள்கிறது.

வந்து சேர்ந்தவர்கள் யார்?

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. வழக்கமான கல்லூரி மாதிரி பள்ளிப் படிப்பு முடித்த பதினேழு வயதுப் பையன்களை மட்டும் எதிர்பார்த்து நடத்துகிற படிப்பு இது இல்லை. ஏற்கெனவே பள்ளிகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் மனதில் வைத்துத்தான் பயிற்சிகள் அமைந்தன. வேலையை விட்டு ஒரு வருஷம் வந்து முழுமையாகப் படிக்கலாம். முடியாதவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி முகாம்கள். பிறகு மெட்ராஸ் மாகாணத்தில் உடற்கல்விக்கு லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என்று சான்றிதழ்கள் வந்தன. பள்ளி இறுதி வரை படித்தவரும் தேர்ச்சி பெற்றுப் படிப்படியாக மேலே போக ஒரு வழி கிடைத்தது.

என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? ஓடுவது, குதிப்பது மட்டும் இல்லை. எலும்பும் தசையும் எப்படி வேலை செய்கின்றன என்ற உடற்கூறியல், முதலுதவி, குழந்தைகளின் மனசு எப்படி இயங்குகிறது என்ற பாடம், மைதானத்துக்குக் கோடு போடுவது, போட்டிகளை நடத்துவது. இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 11 அணிகள் வந்தால் நாக் அவுட் போட்டியை எப்படி நடத்துவது? 11-க்கு அடுத்து வருகிற இரண்டின் அடுக்கு 16. அதிலிருந்து 11 போனால் 5. அப்போ 5 அணிகளுக்கு முதல் சுற்றில் ஆட்டம் இல்லை, பை கொடுக்க வேண்டும். மீதி 6 அணிகள் மோதி 3 பேர் வருவார்கள். 5-ம் 3-ம் எட்டு, அதுக்கப்புறம் காலிறுதி, அரையிறுதி, பைனல் என்று தானாகப் போகும். மொத்தம் 10 ஆட்டங்கள். கிராமத்து வாலிபால் டோர்னமென்ட்டில் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு ஃபிக்ஸ்ச்சர் போடுகிற அண்ணன் செய்வது இதைத்தான். பள்ளிக்கூடம் வழியாக, பி.டி. வாத்தியார் வழியாகத்தான் இந்த மாதிரி விஷயங்கள் ஊருக்குள் வந்தன.

இன்னொரு சின்ன விஷயம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் இருக்கும் பதவிக்கு பிசிகல் டைரக்டர் என்று பெயர், அதாவது உடற்கல்வி இயக்குநர். கணக்குக்கு இயக்குநர் இல்லை, வேதியியலுக்கு இயக்குநர் இல்லை, விளையாட்டுக்கு மட்டும் ஏன் இயக்குநர்? அது ஒய்.எம்.சி.ஏ.வின் சொல். அங்கே ஜிம்மையும் விளையாட்டுகளையும் கவனிக்கிறவருக்கு அந்தப் பெயர்தான். அமைப்பு சொன்ன பெயர் அப்படியே அரசாங்க ஆணைகளுக்குள் போய், இன்றுவரை பி.டி. என்று நிற்கிறது.

பாரிஸ் 1924

பக்கின் வாழ்க்கையில் வெளியே அதிகம் பேசப்படுவது ஒலிம்பிக் தொடர்புதான்.

1920-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து ஒரு குட்டி அணி போனது. அதன் பின்னால் நின்றவர் தொழிலதிபர் தோராப்ஜி டாடா. அடுத்த முறை இன்னும் முறையாக ஆட்களைத் தேர்வு செய்ய வேண்டும் என்று முடிவானது. மாகாணங்களில் போட்டி நடத்தி, அதில் வென்றவர்களை ஓர் இடத்தில் மோத விட்டு அணியைத் தேர்ந்தெடுப்பது திட்டம். அதை நடத்தப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டுமே? நாடு முழுக்க விளையாட்டை ஒழுங்காக நடத்தத் தெரிந்த ஆட்களை வைத்திருந்தது அப்போது ஒய்.எம்.சி.ஏ.தான். அதன் ஆர்தர் நோரனும் பக்கும் இந்த வேலையில் இறங்கினார்கள். 1924 பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்திய ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தன. தேசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்கம் அதுதான்.

அதில் தேர்வானவர்களை அழைத்துக்கொண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்கு மேலாளராகப் போனவர் பக். நீளம் தாண்டுதலில் தலீப் சிங், 110 மீட்டர் தடை ஓட்டத்தில் சி.கே.லட்சுமணன் என்று ஒரு சிறிய தடகள அணி. லட்சுமணன் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த கண்ணூர்க்காரர், தொழிலால் மருத்துவர். பின்னாளில் இந்தியாவின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் ஆனார். விளையாட்டுக்குப் போனால் படிப்பு போச்சு என்று சொல்கிற வீடுகளில் இவர் கதையைச் சொல்லலாம்.

பதக்கம் கிடைத்ததா? இல்லை. ஃபின்லாந்தின் பாவோ நுர்மி ஐந்து தங்கம் அள்ளிய ஒலிம்பிக் அது. சாரியட்ஸ் ஆஃப் ஃபயர் படத்தில் வருகிற எரிக் லிடெல் 400 மீட்டரில் ஜெயித்ததும் அங்கேதான். ஹாக்கி அந்த முறை போட்டிப் பட்டியலிலேயே கிடையாது. இந்தியாவின் ஹாக்கித் தங்கம் 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது.

ஆனா பாரிஸிலிருந்து திரும்பிய பிறகு நடந்ததுதான் முக்கியம். மாகாணங்களில் ஒலிம்பிக் சங்கங்களை அமைக்கும் வேலையில் பக் தீவிரமாக இருந்தார். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானபோது தோராப்ஜி டாடா தலைவரானார். பெரிய மனிதர்களின் பெயர்கள் வரலாற்றில் நின்றன. ஊர் ஊராகப் போய் டேப் பிடித்து அளந்து, ஸ்டாப் வாட்ச் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்கள் நிற்கவில்லை.

சடுகுடுவும் சட்டப் புத்தகமும்

வெளிநாட்டுக்காரர் வந்து வெளிநாட்டு விளையாட்டைத் திணிக்கிறார் என்ற விமர்சனம் பக் மீதும் ஒய்.எம்.சி.ஏ. மீதும் இருந்தது. அது விடுதலைப் போராட்ட காலம். மகாராஷ்டிரத்தில் அமராவதியில் இயங்கிய ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் போன்ற அமைப்புகள், நம்ம மல்யுத்தம், நம்ம தண்டால், நம்ம கபடி என்று எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது கபடியை அங்கே ஆடிக் காட்டியது அந்த அமைப்புதான். மத மாற்றம் பற்றிய சந்தேகமும் சேர்ந்துகொண்டது. ஒய்.எம்.சி.ஏ. கிறிஸ்தவ அமைப்பு என்பதால் அந்தச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. கல்லூரியில் எல்லா மதத்தினரும் படித்தார்கள்.

இதில் பக் எடுத்த நிலை நடுவழி என்றுதான் சொல்ல வேண்டும். மேற்கத்திய ஜிம்னாஸ்டிக்ஸ் மட்டும் போதும் என்று அவர் நிற்கவில்லை. இந்திய உடற்பயிற்சிகளையும் ஆட்டங்களையும் பாடத்தில் சேர்த்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் கொண்டு வந்த புத்தகத்தில் கூடைப்பந்து, வாலிபாலோடு இந்திய ஆட்டங்களுக்கும் இடம் இருந்தது. அந்தப் புத்தகம் பல பதிப்புகள் கண்டு, பல வருஷம் பி.டி. வாத்தியார்களின் கையில் இருந்தது.

இதன் அருமை சடுகுடு ஆடியவர்களுக்குப் புரியும். ஒரு ஊரில் அவுட் ஆனவன் திரும்ப வரலாம், பக்கத்து ஊரில் வரக் கூடாது. ஒரு ஊரில் ஏழு பேர், இன்னொரு ஊரில் ஒன்பது பேர். கோடு எவ்வளவு தூரம் என்பதில் சண்டை. எழுதி அச்சடித்த விதி இருந்தால்தான் இரண்டு ஊர் சேர்ந்து ஆட முடியும். எழுதிய பிறகு ஊருக்கு ஊர் இருந்த வகைகள் மெல்ல மறைந்து போனதும் உண்மை. அது ஒரு நஷ்டம்தான்.

உடற்கல்விக்கென்றே வியாயாம் என்ற பத்திரிகையும் கல்லூரியிலிருந்து வெளிவந்தது. பயிற்சி முடித்து ஏதோ ஒரு மூலையில் வேலைக்குப் போன வாத்தியாருக்கு அதற்குப் பிறகு புதிதாக எதையும் தெரிந்துகொள்ள வழி இல்லை. இன்று யூடியூப் இருக்கிறது. அன்றைக்கு தபாலில் வந்த அந்தப் பத்திரிகைதான் அவருடைய தொடர் கல்வி.

நந்தனம் வந்த கதை

1930-களின் தொடக்கத்தில் கல்லூரி அடையாற்றங்கரைக்கு, இப்போதைய நந்தனம் வளாகத்துக்கு வந்தது. அப்போது அது நகரத்துக்கு வெளியே, சைதாப்பேட்டை பக்கம். அண்ணா சாலையில் இன்று மெட்ரோ ஓடுகிற அந்த இடத்தில் அத்தனை பெரிய திடல் கிடைத்தது, ஊர் அவ்வளவு தூரம் வளராததால்தான்.

மெட்ராஸ் அரசுக்கு உடற்கல்வி விஷயத்தில் ஆலோசகராகவும் பக் இருந்தார். அதனால் கல்லூரிக்குள் சோதித்துப் பார்த்ததைப் பள்ளிகளுக்குக் கொண்டு போக அவருக்கு ஒரு வாசல் இருந்தது. டிரில் மெல்ல மெல்லக் குறைந்து விளையாட்டு கூடியது. பள்ளியின் முதல் பதினோரு பேர் ஆட, மற்ற முந்நூறு பேர் வேடிக்கை பார்ப்பது அவருக்கு உடன்பாடு இல்லை. எல்லா மாணவரும் ஏதாவது ஒரு அணியில் ஆட வேண்டும் என்ற வகுப்புவாரிப் போட்டி, ஹவுஸ் போட்டி முறையின் பக்கம்தான் அவர் நின்றார். ஸ்போர்ட்ஸ் டே அன்றைக்கு நாலு கலர் பனியனில் அணிவகுத்துப் போன ஞாபகம் யாருக்காவது இருந்தால், அதற்குப் பின்னால் இருப்பதும் இந்த மாதிரி எண்ணம்தான்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 ஜூலை 24-ல் பக் மெட்ராஸிலேயே காலமானார். வயது 58. வாழ்நாளில் இருபது வருஷத்துக்கும் மேலே இங்கேயே கழிந்திருந்தது.

அதுக்கப்புறம்?

பக் போட்ட பாதையில் வேறு கல்லூரிகள் வந்தன. காரைக்குடியில் அழகப்பா உடற்கல்விக் கல்லூரி, கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் மாருதி உடற்கல்விக் கல்லூரி. 1957-ல் மத்திய அரசு குவாலியரில் தேசிய அளவில் ஒன்றைத் தொடங்கியது. 2005-ல் தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் தனிப் பல்கலைக்கழகமே வந்தது.

கல்லூரி விளையாட்டும் வளர்ந்தது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் நீண்ட காலத் துணைவேந்தர் ஏ.எல்.முதலியார் பெயரில் கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி வருஷா வருஷம் நடக்கிறது. அகில இந்திய அளவில் விளையாட்டில் முன்னணியில் நிற்கிற பல்கலைக்கழகத்துக்கு 1956-57 முதல் மௌலானா ஆசாத் கோப்பை கொடுக்கப்படுகிறது. அந்தக் கோப்பையை அதிகம் கொண்டு போனது பஞ்சாப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள்தான். பயிற்சி ஆசிரியர்களுக்கான முதல் கல்லூரி இருந்த மாநிலத்துக்கு இது கொஞ்சம் உறுத்தலான விஷயம்.

வேலையில் இருப்பவர் படிக்கிற விஷயம் என்ன ஆனது? மற்ற படிப்புகளுக்கு வழி அகலமானது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழிக் கல்வி 1981-ல் வந்தது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எத்தனையோ கிளார்க்குகளும் கண்டக்டர்களும் இடைநிலை ஆசிரியர்களும் ஞாயிற்றுக்கிழமை காண்டாக்ட் கிளாஸ் போய்ப் பட்டம் வாங்கியது அப்படித்தான்.

ஆனா உடற்கல்விக்கு அந்த வழி இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி பி.பி.எட். இரண்டு வருஷப் படிப்பு, நேரில் வந்துதான் படிக்க வேண்டும். நீச்சலையும் தடை ஓட்டத்தையும் தபாலில் கற்றுக்கொடுக்க முடியாது என்பது நியாயம்தான். ஆனா குடும்பம் நடத்திக்கொண்டு, கிராமத்துப் பசங்களுக்கு சாயங்காலம் கோச்சிங் கொடுக்கிற ஒரு முன்னாள் பல்கலைக்கழக வீரர் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் எங்கே போவார்? நூறு வருஷத்துக்கு முன்னால் பக் இதற்காகக் கண்டுபிடித்த குறுகிய கால முகாம், படிப்படியான சான்றிதழ் என்ற ஏணி இப்போது பெரும்பாலும் இல்லை.

படித்து முடித்தவர்களுக்கு வேலை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள நடுநிலைப் பள்ளிகளுக்கு உடற்கல்விக்கு ஆள் வேண்டும் என்கிறது. ஆனா முழுநேர ஆசிரியர் இல்லை, பகுதிநேரப் பயிற்றுநர். அதன்படி 2012-ல் தமிழ்நாடு அரசு உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், இசை போன்ற பாடங்களுக்கு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். தொகை பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் பல முறை போராட்டம் நடத்தினார்கள்.

வாரத்துக்கு மூன்று அரை நாள் என்றால், மற்ற நாட்களில் பி.டி. பீரியட் யார் கையில்? கணக்கு வாத்தியார் கையில்தான்.